16 மீட்டர் ரோட்டில் சைக்கிளுக்குத் தடுப்பு வைத்த தனிப்பாதை: அடங்குமா, எப்படி அமைப்பது?

பார்வதிபுரத்துக்காரி (கேள்வி)

எல்லாருக்கும் வணக்கம். நாகர்கோவில்ல எங்க வார்டு வழியாப் போற ஒரு ரோட்டுக்கு, சைக்கிளுக்குன்னு தடுப்பு வச்ச தனிப்பாதை கேட்டு மாநகராட்சிக்கு மனு எழுதிட்டு இருக்கோம். வெறும் "பாதை வேணும்"னு எழுதினா கோப்புல தூங்கும். அளவோட, படத்தோட கொடுக்கணும். அதுக்குத்தான் கேட்கிறேன்.

ரோடு மாநகராட்சியோடது, நெடுஞ்சாலைத் துறையோடது இல்ல. நீளம் 1.4 கிலோமீட்டர். காம்பவுண்டு சுவர்ல இருந்து எதிர் காம்பவுண்டு சுவர் வரை டேப் பிடிச்சா 16 மீட்டர். ஒரு இடத்துல மட்டும் 15.2 மீட்டருக்குக் குறுகுது. நடுவுல தார் 11 மீட்டர். மிச்சம் ரெண்டு ஓரமும் ஓடை. அதுமேல பாதி தூரம் ஸ்லாப், பாதி தூரம் கடைக்காரங்க போட்ட படி. நடுவுல மீடியன் கிடையாது. ரெண்டு பள்ளிக்கூடம், ஒரு கல்யாண மண்டபம், டவுன் பஸ், மினி பஸ் எல்லாம் உண்டு. ஒன்பது சந்து வந்து சேருது. ஒரு முனையில சிக்னல்.

காலையில பள்ளி நேரத்துல ஒரு மணி நேரத்துக்கு 130 சைக்கிள் போகுது. பெரும்பாலும் பிளஸ் ஒன்னுக்கு அரசு கொடுக்கிற மிதிவண்டிதான். இது போதாதுன்னு ஒரு அலுவலகத்துல சொல்லிட்டாங்க.

ரெண்டு பக்கமும் ஒருவழியாப் போடணுமா, ஒரே பக்கம் இருவழியாப் போடலாமா? ஸ்பிரிங் போஸ்டா (தட்டினா வளைஞ்சு நிமிர்ற கம்பம்), கெர்ப் கல்லா (ஓரத் தடுப்புக் கல்)? பைக் உள்ள புகாம எப்படிப் பாக்குறது? நம்ம ஊர்ல ஜூன்லயும் மழை, ஐப்பசி கார்த்திகையிலயும் மழை. தடுப்பு வச்சா தண்ணி எங்க போகும்?

நெடுவரை

அக்கா, முதலில் அந்த "போதாது" என்பதற்குப் பதில். சைக்கிள் பாதைக்கான ஐ.ஆர்.சி. (இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ்) 11 தரநிலையின் 1962-ஆம் ஆண்டுப் பதிப்பிலேயே விடை இருக்கிறது. மோட்டார் வாகனங்கள் மணிக்கு 200-க்கு மேல் போகும் ரோட்டில், மணிக்கு 100 சைக்கிள் வந்தாலே தனிப்பாதை அமைக்கலாம் என்கிறது அது. உங்கள் ரோட்டில் பைக்கை மட்டும் எண்ணினாலே 200 தாண்டிவிடும். தரநிலை 2015-இல் திருத்தப்பட்டது, மனுவில் இரண்டையும் குறிப்பிடுங்கள். சென்னை மாநகராட்சி 2014-இலேயே மோட்டார் இல்லாப் போக்குவரத்துக்கென்று கொள்கை ஏற்றுக்கொண்டதையும் முன்மாதிரியாகக் காட்டலாம். எண்ணிக்கையை ஒரே மொத்தமாகக் கொடுக்காமல் 15 நிமிடத்துக்கு ஒரு வரியாக, போகும் திசை, எதிர்த்திசையில் வருகிறவர்கள், ஓடை ஸ்லாப் மேல் ஓட்டுகிறவர்கள் என்று பிரித்துக் கொடுங்கள். எதிர்த்திசையில் வருகிறவர்கள் எத்தனை பேர் என்பதுதான் ஒருவழியா இருவழியா என்ற கேள்விக்குப் பாதி விடை.

இனி கணக்கு. இரு பக்கமும் ஒருவழி என்றால்: நடைபாதை 1.8 வீதம் 3.6 மீட்டர், அதன் கெர்ப் 0.2 வீதம் 0.4, சைக்கிள் பாதை 2.0 வீதம் 4.0, தடுப்புப் பட்டை 0.5 வீதம் 1.0, வண்டிப் பாதை 7.0. கூட்டினால் சரியாக 16. குறுகிய இடத்தில் 0.8 மீட்டர் குறைக்க வேண்டும். வண்டிப் பாதையை 6.5 ஆக்கி, தடுப்புப் பட்டையை 0.35 ஆக்கினால் சரியாக வருகிறது. பஸ்ஸின் அகலம் 2.6 மீட்டர். 3.25 மீட்டர் தடத்தில் அது தாராளமாகப் போகும். நடைபாதையின் 1.8-இல் மட்டும் கை வைக்கவே கூடாது. அதைக் குறைத்தால் நடக்கிறவர்கள் சைக்கிள் பாதைக்கு இறங்கிவிடுவார்கள், பிறகு சைக்கிள் மறுபடி தாருக்கே போகும்.

ஆனால் கவனியுங்கள், இந்த அமைப்பில் பார்க்கிங் ஓர் அங்குலம்கூட இல்லை. கடைகள் உள்ள ரோட்டில் அதை யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ஒப்புக்கொண்டாலும் வண்டிகள் சைக்கிள் பாதைமேல்தான் நிற்கும்.

ஒரே பக்கம் இருவழி என்றால் பாதை 3.0, தடுப்பு 0.5, ஆக 3.5 மீட்டரில் முடிகிறது. வண்டிப் பாதையை 6.5 ஆக்கினால் எதிர்ப்பக்கம் 2.0 மீட்டர் மிச்சம். பைக்குகளைக் குறுக்காக நிறுத்த அது போதும். ஆபத்து என்னவென்றால், சந்திலிருந்து இடப்பக்கம் திரும்புகிறவர் வலப்பக்கம் மட்டுமே பார்ப்பார். இருவழிப் பாதையில் அவருக்கு இடப்பக்கமிருந்தும் சைக்கிள் வரும், அவர் கண்ணில் படாது. இருவழிப் பாதை விபத்துகளில் இந்த வகைதான் முதலில் நிற்பது. ஆகவே ஒன்பது சந்தில் எந்தப் பக்கம் எத்தனை, பள்ளிகள் எந்தப் பக்கம், கேட்டுகள் எத்தனை? அதைச் சொல்லாமல் யாரும் உங்களுக்கு விடை சொல்ல முடியாது.

பார்வதிபுரத்துக்காரி

நன்றி அண்ணாச்சி. ஒரு பக்கம் ஏழு சந்து, எதிர்ப்பக்கம் ரெண்டுதான். ரெண்டு பள்ளியும் அந்த ரெண்டு சந்து இருக்கிற பக்கமே. அந்தப் பக்கம் நீளமான காம்பவுண்டு சுவர், கேட்டு மொத்தம் 22. கடையும் மண்டபமும் பெரும்பாலும் ஏழு சந்துப் பக்கம். எதிர்த்திசையில வர்ற சைக்கிள் மூணுல ஒண்ணு இருக்கும். பள்ளி ஒரே பக்கம் இருக்கிறதால ரோட்டைக் கடக்காமலே பிள்ளைங்க ஓரமா வந்துடுறாங்க. பஸ் ஸ்டாப் பள்ளிப் பக்கம் ரெண்டு, எதிர்ல ரெண்டு.

சிக்னல்முனை

அப்படியானால் பள்ளிப் பக்கம் இருவழிப் பாதை, கடைப் பக்கம் பைக் நிறுத்தம். மூன்றில் ஒருவர் ஏற்கெனவே எதிர்த்திசையில் வருகிறார் என்றால், ஒருவழி என்று எழுதி வைத்தாலும் அது இருவழியாகத்தான் ஓடும். 2 மீட்டர் பாதையில் எதிரும் புதிருமாக வருவதைவிட 3 மீட்டரில் நடுக்கோடு போட்டு ஓட விடுவது நல்லது.

இதில் உழைப்பு முழுவதும் போக வேண்டிய இடம் தடுப்பு விட்டுப்போகும் இடங்கள்: இரண்டு சந்து வாய், 22 கேட்டு, இரண்டு பஸ் ஸ்டாப், இரு முனைகள். நேர் ஓட்டத்தில் கெர்ப் வைப்பது யார் வேண்டுமானாலும் செய்யும் வேலை.

சந்து வாயில் சைக்கிள் பாதையும் நடைபாதையும் தடைபடாமல் நேராகப் போக வேண்டும், காரும் பைக்கும் ஏறி இறங்க வேண்டும். அதாவது சந்து வாயில் 100 மில்லிமீட்டர் உயரத்தில் மேடை. வண்டி ஏறும் சரிவு 1-க்கு 10, அதாவது 1 மீட்டர் நீளம். சைக்கிள் பாதையிலிருந்து மேடைக்கு ஏறும் சரிவு 1-க்கு 15, அதாவது 1.5 மீட்டர். மூலையின் வளைவு ஆரம் 3 முதல் 4 மீட்டருக்குள் இருக்கட்டும். 9 மீட்டர் ஆரம் வைத்தால் பைக் வேகத்தைக் குறைக்காமலே திரும்பும். மூலையிலிருந்து 10 மீட்டர் வரை எந்தப் பக்கமும் வண்டி நிற்கக் கூடாது, விளம்பரப் பலகை, இளநீர் வண்டி எதுவும் இருக்கக் கூடாது. வெளியே வருகிறவருக்கு இரு பக்கமும் சைக்கிள் வரும் என்று காட்ட, தரையில் இரு திசை அம்புக்குறியோடு சைக்கிள் படமும், சந்துக்குள் நின்று பார்க்கும்படி ஒரு பலகையும் வேண்டும். நிறம் பூசுவதென்றால் இந்த வாய்களிலும் பள்ளி கேட்டிலும் மட்டும் பூசுங்கள். 1.4 கிலோமீட்டரும் பூசினால் எந்த இடத்தில் கவனம் வேண்டும் என்பது ஓட்டுகிறவருக்குத் தெரியாது.

வீட்டு கேட்டுகளுக்கு மேடை வேண்டாம். கெர்ப்பை 3.5 முதல் 4 மீட்டர் விட்டு, பாதையைச் சமமாகவே வையுங்கள். கேட்டுக்காகப் பாதையை ஏற்றி இறக்கினால் 22 இடத்தில் குதிக்க வேண்டும். அதை விட்டுப் பிள்ளைகள் தாருக்குப் போய்விடுவார்கள்.

பஸ் ஸ்டாப்தான் இந்த அகலத்தில் சிக்கல். பஸ்ஸிலிருந்து இறங்குகிறவர் 0.5 மீட்டர் பட்டையில் நிற்க முடியாது, நேராகச் சைக்கிள் முன்னால் விழுவார். அந்த இடத்தில் எதிர்ப்பக்க பைக் நிறுத்தத்தை விட்டுவிடுங்கள். 2 மீட்டர் கிடைக்கும். அதில் 1.5 மீட்டரைத் தடுப்புப் பட்டைக்குக் கொடுத்தால் 2 மீட்டர் அகலத் திட்டு வரும், 15 மீட்டர் நீளம். மீதி 0.5 வண்டிப் பாதைக்கு. வண்டிப் பாதை 1.5 மீட்டர் நகர்வதால் முன்னும் பின்னும் 25 மீட்டர் நீளத்துக்குச் சாய்கோடு வரைந்து மெதுவாக நகர்த்த வேண்டும். திட்டு இருக்கும் நீளம் முழுக்க சைக்கிள் பாதையை நடைபாதை மட்டத்துக்கு 150 மில்லிமீட்டர் உயர்த்தி, அதன்மேல் வரிக்குதிரைக் கோடு. இங்கே நடப்பவருக்கே முதலிடம். பஸ் தடத்திலேயே நிற்கும், ஓரம் கட்டாது. டவுன் பஸ்ஸுக்கு இதனால் நேரம் மிச்சம்தான். ஆனால் மினி பஸ் கைகாட்டின இடத்தில் எல்லாம் நின்றால் திட்டு வீண். ஸ்டாப்பில் மட்டும் நிற்க வேண்டும் என்ற உத்தரவையும் சேர்த்தே கேளுங்கள்.

பைக் விஷயத்துக்கு வருகிறேன். சைக்கிள் நுழையும் இடத்தில் பைக்கும் நுழையும். அகலத்தைக் குறைத்துத் தடுக்க முடியாது. ஆட்டோவைத் தடுக்கலாம்: ஆட்டோவின் அகலம் சுமார் 1.3 மீட்டர். முனையில் பாதையை 2.5 மீட்டராகக் குறுக்கி, நடுவில் 100 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு பொல்லார்டு (குட்டைத் தடுப்புக் கம்பம்) வைத்தால் இரு பக்கமும் 1.2 மீட்டர் இடைவெளி. மூன்று சக்கர சைக்கிளும் சக்கர நாற்காலியும் போகும், ஆட்டோ போகாது. பொல்லார்டு 1 மீட்டர் உயரம், ஒளிரும் பட்டையோடு இருக்க வேண்டும். அதைச் சுற்றித் தரையில் வெள்ளைக் கோட்டால் கண் வடிவம் வரையுங்கள். இல்லாவிட்டால் கூட்டமாக வரும்போது பின்னால் வரும் பையன் அதன்மேல் மோதுவான். குறுக்கும் நெடுக்குமாகக் கம்பி வைத்து வளைந்து போகச் செய்யும் அமைப்பை யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். பைக் வளைந்து போய்விடும், மாட்டிக்கொள்வது சக்கர நாற்காலிக்காரர்தான்.

உங்கள் ரோட்டில் மீடியன் இல்லை, ஆகவே சுற்றிப் போகச் சோம்பி எதிர்த்திசையில் வரும் பைக் குறைவாகவே இருக்கும். பைக்குக்கு ஆசை வரும் ஒரே இடம் சிக்னல் வரிசை. கடைசி 50 மீட்டரில் தடுப்பில் கேட்டுக்குத் தவிர எந்த வாயும் விடாதீர்கள். போலீஸ்காரரை நிறுத்துவதானால் நுழையும் இடத்தில் நிறுத்தாமல், பாதை சிக்னலில் முடிகிற இடத்தில் நிறுத்தச் சொல்லுங்கள். உள்ளே புகுந்த பைக்குக்கு அங்கே தப்ப வழி இருக்காது. சில நாளில் பயன் இல்லை என்று அவர்களுக்கே தெரிந்துவிடும்.

சிக்னலில் தடுப்பை நிறுத்தக் கோடு வரை கொண்டுபோக வேண்டும். "இடப்பக்கம் திரும்ப இடம் வேணும், கடைசி 20 மீட்டரை எடுத்துடுங்க" என்பார்கள். பிள்ளைகள் அடிபடுகிற இடமே அதுதான், விட்டுக்கொடுக்காதீர்கள். இருவழிப் பாதைக்காரர்கள் நடப்பவர்களுக்கான பச்சையில் கடக்கட்டும். அந்த நேரத்தில் எல்லா வண்டிக்கும் சிவப்பு. 12 மீட்டர் அகலத்தை விநாடிக்கு 1.2 மீட்டர் நடையில் கடக்க 10 விநாடி. நின்று கிளம்பும் சைக்கிள் அதற்குள் தாராளமாகக் கடந்துவிடும். மூலையில் காத்து நிற்க 3-க்கு 4 மீட்டர் இடம் ஒதுக்குங்கள். மறுமுனையில் சிக்னல் இல்லை என்பதால், எதிர்ப்பக்கம் போக வேண்டியவர்களுக்கு அங்கே உயர்த்தப்பட்ட குறுக்குப்பாதை கட்டாயம். இல்லாவிட்டால் பாதை முடிந்ததும் பிள்ளைகள் எதிர் வரும் பஸ்ஸுக்கு நேராக நிற்பார்கள்.

கலவை மெஷின்

வேலை பாக்குற பக்கத்துல இருந்து சொல்லுதேன்.

ஸ்பிரிங் போஸ்டை மட்டும் நம்பாதீங்க. பெங்களூர் அவுட்டர் ரிங் ரோட்டுல 2020-ல போஸ்ட் நட்டுத்தான் பாதை பிரிச்சாங்க. போஸ்டு ஒடிஞ்சும் காணாமப் போயும் கடைசியில கோடுதான் மிஞ்சுச்சு. காரணம் எளிசு. போஸ்ட் அடித்தட்டை மூணு ஆங்கர் போல்ட்டு போட்டுத் தார்ல இறுக்குவாங்க. மேல் தார் 40 மில்லி கனம். வெயில்ல தார் இளகினா விரியுற ஆங்கர் பிடிப்பை விட்டுடும். நாலு தடவை வண்டி தட்டினா தட்டோட கழண்டு வரும். போஸ்ட் வைக்கிற இடத்துல 150 மில்லி விட்டம், 300 மில்லி ஆழத்துக்குக் கோர் எடுத்து (உருளையா வெட்டி எடுத்து), கான்கிரீட் நிரப்பி, அது இறுகின பிறகு அதுல போல்ட்டு போடணும். அப்பதான் நிக்கும்.

முக்கியத் தடுப்பு கெர்ப் கல்தான். வார்த்து எடுத்த கான்கிரீட் கல், 1 மீட்டர் நீளம், 300 மில்லி அகலம், 200 மில்லி உயரம், எம்30 கலவை (கான்கிரீட்டோட வலிமைத் தரம்). எடை 144 கிலோ வரும், நாலு ஆள் இடுக்கி போட்டுத் தூக்கலாம். வண்டிப் பக்கம் செங்குத்தா இருக்கணும், சைக்கிள் பக்கம் மேல்விளிம்பு 45 டிகிரி சரிவா இருக்கணும். ஏன்னா பெடல் கீழ வரும்போது தரையில இருந்து ஒரு சாண்கூட இருக்காது. செங்குத்துக் கல்லா இருந்தா பெடல் தட்டும்னு பயந்து பிள்ளைங்க நடுவுலயே ஓட்டுவாங்க, 3 மீட்டர் போட்டும் 2.6-தான் பயன்படும்.

தாரைக் கட்டர் வச்சு 350 மில்லி அகலத்துக்கு வெட்டி, படுக்கைக் கனம் போக 50 மில்லி ஆழம் இருக்கிற மாதிரி தோண்டி, 1-க்கு 3 சிமென்ட் சாந்து படுக்கை போட்டுக் கல்லை இறக்குங்க. 150 மில்லி வெளியே தெரியும். ஒவ்வொரு கல்லுலயும் வார்க்கும்போதே ரெண்டு துளை விட்டுரணும். அது வழியா 16 மில்லி கம்பி, 450 மில்லி நீளம்: கல்லுக்குள்ள 180, கீழ ரோட்டுக்குள்ள 270. துளையில எபாக்ஸி (இறுகுற பசை) ஊத்தி இறக்கி, மேல மிச்சம் 20 மில்லியைச் சாந்து வச்சு மூடணும். மூடலன்னா மழைத்தண்ணி நின்னு கம்பி துருப்பிடிச்சுக் கல்லைப் பொளக்கும். குட்டைக் கம்பி போட்டா தாருக்குள்ளயே நின்னுபோகும், கீழ ஜல்லி வரை போகாது. லாரி டயர் உரசினதும் கல் வரிசை நெளியும்.

இப்ப தண்ணி. ரோடு நடுவுல இருந்து ஓரத்துக்கு 2.5 சதவீதம் சரிவு. தண்ணி தடுப்பைத் தாண்டித்தான் ஓடைக்குப் போகணும். ரெண்டு கல்லு, பிறகு 300 மில்லி இடைவெளி, மறுபடி ரெண்டு கல்லு, இப்படியே போங்க. கல்லுக்கு அடியில குழாய் விட்டாப் போதும்னு சொல்லுவாங்க. வேப்பிலையும் பிளாஸ்டிக் கவரும் ஒரே மழையில அடைக்கும், குச்சி விட்டுக் குத்த ஆள் வராது. திறந்த இடைவெளின்னா துடைப்பம் போகும். நடைபாதைக் கெர்ப்ல 10 மீட்டருக்கு ஒரு வாய் ஓடைக்கு விடணும். மூடிக் கம்பி சைக்கிள் போற திசைக்குக் குறுக்கா இருக்கணும், கம்பிக்குக் கம்பி 20 மில்லிக்கு மேல இடைவெளி வேண்டாம். நீளவாக்குல வச்சா டயர் உள்ள இறங்கிப் பிள்ளை தலைகுப்புற விழும்.

சிக்னல்முனை சொன்ன மேடை எல்லாம் சரி, ஆனா மேடை கட்டினா ஓரமா ஓடுற தண்ணிக்கு அது அணை. ஒவ்வொரு மேடைக்கும் மேட்டுப் பக்கம், சரிவு தொடங்கறதுக்கு முன்னால ஒரு வாய் கண்டிப்பா வேணும். இதைப் படத்துல போடாம விட்டா முதல் மழையிலேயே சந்து வாய் குளம் ஆகும். ஊர்க்காரங்க "சைக்கிள் பாதையாலதான் தண்ணி கட்டுது"ன்னு மேடையை இடிக்கச் சொல்லுவாங்க.

தரைக்கு இன்டர்லாக் கல் வேண்டாம். கல்லுக்குக் கல் விளிம்பு தட்டும், நம்ம ஊர் ஈரத்துல ஒரே பருவத்துல பாசி பிடிச்சு வழுக்கும். இருக்கிற தாரையே குழி அடைச்சு, மேன்ஹோல் மூடி, ஓடை ஸ்லாப் எல்லாத்தையும் சமமா ஏத்தி இறக்கினா போதும். ஸ்லாப் தூக்குற கம்பி வளையம் வெளிய நீட்டிட்டு இருக்கும், அதை உள்ளே மடங்குற மாதிரி மாத்தணும். சாதாரண ரோடு பெயின்ட்டைப் பரப்பி அடிச்சா மழையில வழுக்கும். நிறம் பூசுற இடத்துல குவார்ட்ஸ் மணல் கலந்த பூச்சுதான் போடணும்.

அளவு: 1,400 மீட்டர்ல சந்து, கேட்டு, பஸ் ஸ்டாப் எல்லாம் கழிச்சா சுமார் 1,250 மீட்டர் தடுப்பு. 2.3 மீட்டருக்கு ரெண்டு கல்லு வீதம் 1,086 கல். உடையறதுக்கு 5 சதவீதம் சேர்த்து 1,140 கல் வார்க்கச் சொல்லுங்க. கான்கிரீட் 68 கன மீட்டர் சொச்சம். கம்பி 2,172 துண்டு, 1.54 டன். ரேட்டை அந்த வருஷத்து பொதுப்பணித் துறை விலைப்பட்டியல் வச்சுப் போட்டுக்கோங்க.

கடைசியா ஒண்ணு, இதை விட்டுராதீங்க. ஒவ்வொரு பெரிய இடைவெளிக்குப் பிறகும் தொடங்குற முதல் கல் மொட்டையா நின்னா ராத்திரி பைக்காரர் உயிருக்கு ஆபத்து. சந்து, கேட்டு, பஸ் ஸ்டாப், எங்க தொடங்கினாலும் முதல் கல் சரிவா ஏறுற கல்லா இருக்கணும், மேல ஒளிரும் பட்டையோட ஸ்பிரிங் போஸ்ட், மஞ்சள் கறுப்புப் பெயின்ட். போஸ்டுக்கு உண்மையான வேலை இங்கதான்.

கடைத்தெரு

பைக் நிறுத்தம் 2 மீட்டர் கொடுத்ததே பெரிய காரியம். ஆனால் சரக்கு இறக்க இடம் எங்கே? மினி லாரி 2 மீட்டர் கட்டத்தில் நீளவாக்கில் நிற்கும். 60 மீட்டருக்கு ஒன்று வீதம் 7 மீட்டர் நீளக் கட்டத்தைக் காலை 8 மணி வரைக்கும் மதியம் 1 முதல் 3 வரைக்கும் சரக்குக்கு என்று எழுதி வையுங்கள், மற்ற நேரம் பைக். பள்ளி நேரத்தோடு இது மோதாது. இதை முன்னாலேயே வரைபடத்தில் காட்டினால் எங்கள் சங்கத்தில் பாதி எதிர்ப்பு அடங்கும்.

மண்டபத்தையும் மறக்க வேண்டாம். முகூர்த்த நாளில் வேனும் காரும் அரை கிலோமீட்டர் நிற்கும். மண்டப வாசலில் இறக்கி விட மட்டும் ஒரு கட்டம், நிறுத்துவதற்கு மண்டபத்தின் உள் இடம் என்று மாநகராட்சியே எழுத்தில் கொடுக்கச் செய்யுங்கள்.

நெடுவரை

கடைத்தெரு அண்ணாச்சி சொன்ன நேரக் கட்டத்தை அப்படியே சேர்த்துக்கொள்ளுங்கள் அக்கா, நல்ல யோசனை. 15.2 மீட்டர் இடத்தில் பைக் நிறுத்தத்தை விட்டுவிட்டால் போதும், மற்ற எதையும் சுருக்க வேண்டியதில்லை.

சோதனை ஓட்டம் பற்றி: மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 115 குறிப்பிட்ட ரோட்டிலோ இடத்திலோ வண்டிகளுக்குத் தடை விதிக்க அதிகாரம் தருகிறது. ஒரு மாதத்துக்கு மேற்படாத தடைக்கு அரசிதழ் அறிவிப்பு தேவையில்லை, உள்ளூரில் விளம்பரப்படுத்தினால் போதும் என்று அதே பிரிவு சொல்கிறது. ஆனால் பிரிவு 116-இன்படி பலகை வைத்தே ஆக வேண்டும். நீல வட்டத்தில் வெள்ளைச் சைக்கிள் படம் போட்ட பலகையை இரு முனையிலும் ஒவ்வொரு சந்துக்குப் பிறகும் வையுங்கள். ஆகவே நிரந்தர வேலையைக் கேட்கும் முன், ஒரு மாதச் சோதனையைக் கேளுங்கள். கலெக்டர் தலைமையில் கூடும் மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழுவில் மாநகராட்சி, போலீஸ், ஆர்.டி.ஓ. மூவரும் இருப்பார்கள். மனுவின் நகலை அங்கேயும் கொடுங்கள்.

சோதனைக்குத் தண்ணீர் நிரப்பும் பிளாஸ்டிக் தடுப்பு நல்லது. மணல் மூட்டை வேண்டாம், கிழிந்தால் அதே மணலில் சைக்கிள் சறுக்கும். கயிறு கட்டவே கூடாது, பைக்காரர் கழுத்தில் மாட்டும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வைத்துப் படம் எடுத்துக்கொள்வதால் பயன் இல்லை. பள்ளி நாள், மழை பெய்யும் நாள், முகூர்த்த நாள் மூன்றும் அந்த மாதத்துக்குள் வர வேண்டும். முன்பு எண்ணிய அதே இடத்தில், அதே நேரத்தில், அதே 15 நிமிடக் கணக்கில் மறுபடி எண்ணுங்கள். பாதைக்கு வெளியே தாரில் ஓட்டும் சைக்கிளைத் தனியாகக் குறியுங்கள். எந்த இடத்தில் அவர்கள் வெளியேறுகிறார்களோ அங்கே ஏதோ தடை இருக்கிறது: நின்ற வண்டி, தேங்கிய நீர், எழும்பிய ஸ்லாப். நிரந்தர வரைபடத்தை அந்த இடங்களிலிருந்து திருத்துங்கள்.

பார்வதிபுரத்துக்காரி

ரொம்ப உதவி. பின்னால தார் போடும்போது இதெல்லாம் மூழ்கிடாதா? அதுக்கு மனுவுல என்ன எழுதணும்?

கலவை மெஷின்

மூழ்கும். 150 மில்லி வெளியே தெரியுற கல்லுக்கு, 40 மில்லி வீதம் ரெண்டு தடவை தார் போட்டா மிச்சம் 70. அதுமேல பைக் சாதாரணமா ஏறும். பழைய தாரைச் சுரண்டி எடுத்துட்டுத்தான் புதுசு போடணும்னு 2021-ல தலைமைச் செயலாளரே உத்தரவு போட்டிருக்கார். அதைக் குறிப்பிட்டு, "மில்லிங் இல்லாமல் மேற்பூச்சு கூடாது"ன்னு ஒப்பந்த நிபந்தனையா சேர்க்கச் சொல்லுங்க. குடிநீர்க் குழாய்க்கோ கேபிளுக்கோ பாதையைத் தோண்டினா, தோண்டின பட்டையை மட்டும் அடைக்காம பாதையோட முழு அகலத்துக்கும் தார் போடணும்னும் எழுதுங்க. நடுவுல நீளவாக்குல ஒரு விளிம்பு இருந்தா டயர் அதுல மாட்டும். மின்வாரியக் கம்பம் பாதைக்குள்ள எத்தனை நிக்குதுன்னு இப்பவே எண்ணி இணைச்சிருங்க. மாத்துற செலவை மாநகராட்சிதான் வாரியத்துக்குக் கட்டணும், மதிப்பீட்டுல விட்டுப்போனா கம்பம் நடுவுலயே நிக்கும்.

வேலை வரிசையும் முக்கியம். முதல்ல ஓடையும் வாய்களும், அப்புறம் குழி அடைப்பு, மூடி சமம் பண்றது, மேடைகள், கோடு. கெர்ப் அதுக்குப் பிறகு. போஸ்ட் கடைசி. கெர்ப்பைச் சிக்னல் பக்கம் இருந்து தொடங்குங்க. பணம் பத்தாம பாதியில நின்னாலும் அவசியமான இடம் முடிஞ்சிருக்கும். பள்ளி திறக்குறதும் தென்மேற்கு மழை பிடிக்குறதும் ஒரே ஜூன்லதான், கம்பித் துளையில ஈரம் இருந்தா எபாக்ஸி பிடிக்காது. ஏப்ரல், மே ரெண்டு மாசத்துக்குள்ள கல் பதிச்சு முடிக்கணும்னா, கல் வார்க்கிற ஆர்டர் பிப்ரவரியிலேயே போயிருக்கணும். வார்த்த கல் இறுகிப் பலம் ஏற 28 நாள் கணக்கு உண்டு. பச்சைக் கல்லை ஏத்திட்டு வந்தா துளை விளிம்பெல்லாம் உடைஞ்சுதான் இறங்கும்.